ஒரு கீறல்கூட இல்லை: ஒரே பேருந்து விபத்தில் இருவர், மனவடு ஒருவருக்கு மட்டும்

ஓட்டுநருக்கு ஒரு கீறல்கூட இல்லை என்று மருத்துவக் குறிப்பு சொன்னது. நடத்துநருக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது, நெற்றியில் ஏழு தையல். நான்கு மாதம் கழித்து நடத்துநர் டிக்கெட் மெஷினோடு டூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார். ஓட்டுநரோ மழை தூறினால் வீட்டின் பின்கட்டுக்குப் போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

கீழே வரும் இருவரும் பயிற்சிக்காகக் கட்டிய மாதிரி மாந்தர்கள். அவர்களுடைய மதிப்பெண்களும் அப்படியே. ஆண்டு குறிப்பிட்டுச் சொல்லும் ஆய்வு எண்கள் மட்டும் வெளியான ஆய்வுகளில் உள்ளவை. பி.டி.எஸ்.டி. என்பதைத் தமிழ்நாட்டில் ‘பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு’ என்று நீட்டி எழுதுகிறோம். ஈழத்தில் ‘மனவடு’ என்ற ஒற்றைச் சொல் புழங்குகிறது. அதுவே பொருத்தமாக இருக்கிறது. இங்கும் அதையே எடுத்துக்கொள்வோம்.

நிகழ்வு

ஐப்பசி மாதம், மாலை 6.45. டெல்டா மாவட்டம் ஒன்றின் நெடுஞ்சாலை, விடாத தூறல். 41 வயது ஓட்டுநர் 60 கி.மீ. வேகத்தில் வருகிறார். சென்டர் மீடியனில் ஊர்க்காரர்கள் உடைத்து வைத்திருந்த இடைவெளி வழியாக ஒரு பைக் குறுக்கே வருகிறது. ஓட்டியவர் தந்தை, பின்னால் ஒன்பது வயது மகன். பேருந்து ஒடித்துத் திரும்பி, பைக்கை இடித்து, புளியமரத்தில் மோதி நிற்கிறது. தந்தை அங்கேயே இறந்தார். பையன் முன்சக்கரத்துக்கும் பம்பருக்கும் இடையில் சிக்கியிருந்தான், உயிர் இருந்தது. ஓட்டுநர் சாலையில் குப்புறப் படுத்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். 108 வந்து சேர 25 நிமிடம் ஆனது. அதற்குள் பையன் இறந்துவிட்டான். வைப்பர் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது.

அன்றிரவு 10 மணிக்கு ஓட்டுநர் காவல் நிலையத்தில் சரணடைந்தார். அங்கிருந்து மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப்போனபோது சட்டையைக் கழற்றவில்லை. ‘எங்கயாவது அடிபட்டிருக்கா?’ என்ற கேள்விக்கு ‘இல்ல சார்’ என்றார். வெளிக்காயம் இல்லை, நாடித்துடிப்பு 108 என்று எழுதப்பட்டது.

அடுத்த நான்கு மாதம்

கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக வழக்கு, பணி இடைநீக்கம், பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாக. ஐந்தாம் நாள் டெப்போவில் முப்பது பேர் முன்னால் நிற்க வைத்து ‘நடந்தது என்ன’ என்று சொல்லச் சொன்னார்கள். அதில் ஆறுதலும் விசாரணையும் பாதிப் பாதி. ஒன்பதாம் நாள் ஊர் மருத்துவரிடம் போனபோது ‘நரம்புத் தளர்ச்சி’ என்று ஒரு ஊசியும், காலையும் இரவும் பதற்றம் தணிக்கும் அல்பிரசோலம் 0.5 மி.கி.யும். அந்தச் சீட்டை வைத்தே மருந்துக் கடையில் நான்கு மாதம் வாங்கினார். தூக்கத்துக்கு அதுவும் போதாமல் போகவே இரவு ஒரு குவாட்டர்.

வீட்டில் தாயத்து கட்டினார்கள், குலதெய்வக் கோவிலில் மந்திரித்தார்கள். நல்ல நோக்கத்தோடு செய்த மற்றவற்றைப் போல இது கெடுதல் செய்யவில்லை. அன்று ஒருநாள்தான் சொந்தபந்தம் பத்துப் பேர் அவரைச் சுற்றி உட்கார்ந்து, குற்றம் சொல்லாமல் சோறு போட்டார்கள்.

அவர் மனநலப் பிரிவுக்கு வந்த வழி நம் ஊரில் வழக்கமானது. நெஞ்சுப் படபடப்பு என்று இதய நோய்ப் பிரிவுக்குப் போனார், ஈ.சி.ஜி., எக்கோ, தைராய்டு எல்லாம் சரியாக இருந்ததால் இந்தப் பக்கம் அனுப்பினார்கள். விபத்து பற்றி அவராகச் சொல்லவில்லை. ‘படபடப்பு எப்ப ஜாஸ்தியாகுது?’ என்று கேட்டபோது ‘மழை பெய்யும்போது’ என்றார். அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டுதான் மேலே போக முடிந்தது.

மதிப்பீடு

ஐந்தே கேள்விகள் கொண்ட பி.சி.-பி.டி.எஸ்.டி.-5 வடிகட்டலில் ஐந்துக்கும் ‘ஆம்’. இருபது கேள்விகள் கொண்ட பி.சி.எல்.-5 பட்டியலில் 80-க்கு 54. 31 முதல் 33 வரையிலான புள்ளிக்கு மேல் போனால் மனவடு இருக்க வாய்ப்பு அதிகம் என்று கொள்வது வழக்கம். மனச்சோர்வுக்கான பி.எச்.க்யூ.-9-இல் 27-க்கு 17. ‘செத்துட்டா தேவலாம்னு தோணும், ஆனா எதுவும் செஞ்சுக்க மாட்டேன்’ என்றார். இந்த வாக்கியத்தின் பின்பாதியை மட்டும் நம்பிவிடக் கூடாது. வீட்டில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்று கேட்டு, அது மனைவி மூலம் அன்றே அகற்றப்பட்டது. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண் இருவர் போனிலும் பதியப்பட்டது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 அளவுகோலின்படி நான்கு தொகுதி அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் இருக்க வேண்டும். நினைவு வலிய வந்து புகுவதில் குறைந்தது ஒன்று, தவிர்ப்பதில் ஒன்று, எண்ணமும் மனநிலையும் இருண்டுபோவதில் இரண்டு, உடல் எந்நேரமும் விழிப்பாக இருப்பதில் இரண்டு. இவருக்கு நான்கும் தாராளமாக இருந்தன. வைப்பர் சத்தத்தை ஒத்த எதுவும், மிக்ஸி நின்று ஓடுவதுகூட, அவரை அந்தச் சாலைக்குக் கொண்டுபோனது.

நடத்துநரையும் அதே வாரம் மதிப்பிட்டால் பி.சி.எல்.-5-இல் 14. இரண்டாம் மாதத்தில் கேட்டிருந்தால் அவருக்கும் கூடுதலாகவே இருந்திருக்கும். அப்போது அவரும் அலறி எழுந்துகொண்டிருந்தார். அது தானாகவே தணிந்தது. விபத்துக்குப் பின் இதுதான் பெரும்பாலோரின் பாதை. ஆக்ஸ்ஃபோர்டில் சாலை விபத்துக்குப் பிறகு அவசர சிகிச்சைக்கு வந்த 967 பேரை எஹ்லர்ஸ் குழு 1998-இல் ஆராய்ந்தது. மூன்று மாதத்தில் 23.1 சதவீதம் பேருக்கு மனவடு இருந்தது. ஓராண்டில் அது 16.5 ஆகக் குறைந்திருந்தது. ஆகவே விபத்தில் சிக்கிய ஒருவருக்கு ஏன் மனவடு வந்தது என்று கேட்பதைவிட, தானாக ஆறவேண்டியது இவருக்கு ஏன் ஆறவில்லை என்று கேட்பது பயன்தரும்.

எதற்கு எவ்வளவு எடை

ஆபத்துக் காரணிகளை முன், போது, பின் என்று மூன்றாகப் பிரிப்பது மரபு. மூன்றுக்கும் எடை ஒன்றல்ல. பிருவின், ஆண்ட்ரூஸ், வாலண்டைன் மூவரும் 2000-இல் 14 காரணிகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முன்பே இருந்த மனநோய்க்கும் மனவடுவுக்கும் உள்ள தொடர்பு 0.11. குழந்தைப் பருவ வன்கொடுமை 0.14, வேறு பழைய அதிர்ச்சி 0.12, பெண்ணாக இருப்பது 0.13. நிகழ்வின் கடுமைக்கு 0.23. அதற்குப் பிறகு வாழ்க்கையில் சேர்ந்த நெருக்கடிக்கு 0.32, ஆதரவின்மைக்கு 0.40. இந்த எண்கள் சதவீதம் அல்ல, தொடர்புக் கெழு. 0.40-ஐ வர்க்கப்படுத்தினால் 0.16, அதாவது ஆட்களுக்கிடையே உள்ள வேறுபாட்டில் 16 சதவீதத்தை அது விளக்குகிறது. மனித நடத்தை பற்றிய ஆய்வில் இது பெரிய எண். 0.11 என்பது ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும்.

2003-இல் ஓசர் குழுவின் தொகுப்பில் முதலிடம் வேறொன்றுக்குப் போனது. அது, நிகழ்வின் போதே மனம் கழன்றுகொள்வது, 0.35. உயிர் போய்விடும் என்று அந்நேரம் உணர்வது 0.26. ஆதரவு இருப்பது −0.28, அதாவது ஆதரவு கூடக் கூட நோய் குறைகிறது.

இவற்றை நம் ஓட்டுநர் மேல் வைத்துப் பார்ப்போம்.

அவர் நாகை மாவட்டக் கடலோரத்தில் பிறந்தவர். 2004 டிசம்பர் 26 அன்று அவருக்கு 21 வயது. ஆழிப்பேரலையில் தங்கையின் கை அவர் கையிலிருந்து நழுவியது. பிறகு ஓராண்டு இரவெல்லாம் கெட்ட கனவு, கடற்கரைப் பக்கமே போகவில்லை. சிகிச்சை எதுவும் இல்லை. தமிழ்நாட்டின் கடலோர மீனவக் கிராமம் ஒன்றில் சுனாமிக்குப் பின் செய்த ஆய்வு 2007-இல் வெளியானது. அங்கு 12.7 சதவீதம் பேருக்கு மனவடு இருந்தது. பெண்கள், காயம்பட்டவர்கள், குடும்ப வருமானம் அற்றுப்போனவர்கள் ஆகியோரிடம் கூடுதலாக இருந்தது. இவரும் அந்தக் காலத்தில் நோயோடு இருந்து, யாரும் பெயர் சொல்லாமலே கடந்து வந்தவராக இருக்க வேண்டும். பழைய அதிர்ச்சி அதிர்ச்சியாகவே கழிந்திருந்தால் புதியதற்கு அவ்வளவாகக் கதவு திறப்பதில்லை. அது அன்று மனவடுவாகவே மாறியிருந்தால்தான் அடுத்த அதிர்ச்சியில் ஆபத்து ஏறுகிறது என்று பிரெஸ்லாவின் டெட்ராய்ட் ஆய்வு காட்டியது. எனவே ‘முன்னால ஏதாவது பெரிசா நடந்திருக்கா?’ என்று மட்டும் கேட்பது அரைக் கேள்வி. ‘அப்ப எத்தனை மாசம் தூக்கம் கெட்டுச்சு?’ என்பது மீதி.

இலங்கையில் சுனாமி தாக்கிய மணற்காடு, கொஸ்கொட, காலி ஆகிய ஊர்களின் 264 குழந்தைகளை நொய்னர் குழு சில வாரங்களிலேயே பார்த்தது. சுனாமியால் வந்த மனவடு இடத்துக்கு இடம் 14 முதல் 39 சதவீதம் வரை மாறியது. அலையில் கண்டதும் குடும்பத்தில் இழந்ததும் ஒருபுறம். முன்பே பட்ட அதிர்ச்சிகளும் தனியாகக் கணக்கில் சேர்ந்தன. அடுக்கடுக்காக ஏறும் சுமை என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

மரபணு, மூளை பற்றிச் சுருக்கமாக. வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்கப் படையில் இருந்த இரட்டையர்களிடம் ட்ரூ குழு 1993-இல் செய்த ஆய்வு, அறிகுறிகளின் வேறுபாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மரபுவழி என்றது. 2002-இல் கில்பர்ட்சன் குழு, மனவடு உள்ள வீரரின் ஹிப்போகாம்பஸ் (நினைவைக் கையாளும் மூளைப் பகுதி) சிறியதாக இருந்தால், போருக்கே போகாத அவருடைய இரட்டையருக்கும் அது சிறியதாக இருப்பதைக் கண்டது. அளவு குறைந்தது நோயால் மட்டுமே என்ற எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது. அறிவுக்கு நல்லது, வெளிநோயாளிப் பிரிவில் இதை வைத்துச் செய்யக்கூடியது இப்போதைக்கு எதுவுமில்லை.

நிகழ்வின் போது: ‘சினிமா பாக்குற மாதிரி இருந்துச்சு சார், யாரோ ஒருத்தன் படுத்திருக்கான், அது நான்தான்னு தெரியுது, சத்தமே இல்ல, வைப்பர் மட்டும் கேக்குது.’ மனம் கழன்றுகொள்வது என்று ஓசர் குழு எண்ணியது இதைத்தான். நாடித்துடிப்பு 108 என்பதையும் கவனிக்கலாம். ஷாலெவ் 1998-இல் அவசர சிகிச்சைக்கு வந்த 86 பேரைப் பின்தொடர்ந்தபோது, நான்கு மாதத்தில் மனவடு கண்டவர்களுக்கு முதல் நாள் சராசரித் துடிப்பு 95.5, மற்றவர்களுக்கு 83.3. ஆனால் ஒற்றை ஆளுக்கு இதை வைத்து ஜோசியம் சொல்ல முடியாது. காவலர் துணையோடு வந்த யாருக்குத்தான் நாடி துடிக்காது?

பின்னால் வந்தவைதான் இந்த நிகழ்வின் மையம். வழக்கு, பாதிச் சம்பளம், கைமாற்றுக் கடன், சக ஓட்டுநர்களின் ‘கண்ணு தெரியாமயா ஓட்டுன?’ எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. மனைவி அன்பானவர், ‘அதையே நெனச்சுக்கிட்டு இருக்காதீங்க’ என்று பேச்சை மாற்றிவிடுவார். கெட்ட எண்ணம் துளியும் இல்லாத இந்த வாக்கியம்தான் நம் வீடுகளில் மனவடுவுக்குத் தாழ்ப்பாள் போடுகிறது. குற்றச் செயலுக்கு ஆளானவர்களிடம் செய்த ஆய்வில், ஆறுதல் கிடைக்காததைவிடக் குத்தல் பேச்சும் அலட்சியமும் நோயோடு நெருக்கமாக இருந்தன. ஆதரவின் 0.40-க்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. எரிந்து விழுபவரை விட்டு ஆட்கள் விலகுவார்கள். ஆதரவு குறைவது நோயின் விளைவாகவும் இருக்கலாம். இவர் வீட்டில் இரண்டும் நடந்துகொண்டிருந்தது.

நடத்துநருக்கு இந்தப் பக்கமே காலி. மருத்துவ விடுப்பு, முழுச் சம்பளம். முதல் நாளே எலும்பு முறிவுக்குச் சரியான வலி மருந்து கிடைத்தது. இராக்கில் காயம்பட்ட அமெரிக்கப் படையினரிடம், உடனே மார்ஃபின் பெற்றவர்களுக்குப் பின்னாளில் மனவடு குறைவாக இருந்ததை 2010-இல் ஒரு ஆய்வு காட்டியது. காரண-காரியம் என்று அதிலிருந்து சொல்ல முடியாது, ஆனால் வலியை விட்டுவைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. பழத்தோடு பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் அவர் முழுக் கதையையும் சொன்னார். கையில் கட்டு இருந்ததால் எல்லோரும் கேட்டார்கள். இருபது முறை சொன்னால் கதைக்குத் தொடக்கம், நடு, முடிவு வந்துவிடுகிறது. அது முடிந்துபோன ஒன்றாகிவிடுகிறது. சாலையோரம் கூடிய கூட்டம் அவருக்கு முகம் துடைத்துத் தண்ணீர் கொடுத்தது. அதே கூட்டம் ஓட்டுநரை என்ன செய்தது என்பது பின்னால்தான் தெரியவந்தது.

முதல் மாதத்தில் நடந்த மூன்று தவறுகள்

டெப்போவில் எல்லோர் முன்னும் சொல்லச் சொன்னது முதல் தவறு. அதிர்ச்சி ஆறுமுன் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டச் செய்தால் மனம் லேசாகும் என்ற நம்பிக்கை உலகெங்கும் இருந்தது. 1997-இல் பிஸ்ஸன் குழு தீக்காயம்பட்டவர்களிடம் சோதித்தபோது, 13 மாதத்தில் அப்படிச் செய்தவர்களில் 26 சதவீதம், செய்யாதவர்களில் 9 சதவீதம் பேருக்கு மனவடு இருந்தது. சாலை விபத்தில் சிக்கியவர்களை மேயூ குழு மூன்றாண்டு பின்தொடர்ந்து 2000-இல் எழுதியதும் அதே திசையில்தான். தொடக்கத்தில் அறிகுறிகள் அதிகம் இருந்தவர்கள்தான் இதனால் ஆறாமல் நின்றார்கள். முதல் நாள்களில் செய்யவேண்டியது உலக சுகாதார நிறுவனத்தின் 2011 உளவியல் முதலுதவிக் கையேட்டில் உள்ளது: பாதுகாப்பையும் தேவையையும் பார், அவர் பேசினால் கேள், வேண்டியவர்களோடு இணை. ‘நடந்ததைச் சொல்லு’ என்று அதில் எங்கும் இல்லை. நடத்துநருக்குக் கதை சொன்னது நல்லது செய்தது, ஓட்டுநருக்கு ஏன் கெடுதல் என்று கேட்கலாம். நடத்துநர் தான் விரும்பியபோது, விரும்பியவரிடம், விரும்பிய அளவு சொன்னார்.

அல்பிரசோலம் இரண்டாவது. அந்த வகை மருந்துகள் மனவடுவைத் தடுப்பதாகவோ ஆற்றுவதாகவோ சான்று இல்லை. தடுப்பதற்குப் பதிலாக மனவடு வரும் வாய்ப்பைக் கூட்டலாம் என்றுகூடச் சான்று உண்டு. பயம் தானாக எழுந்து தானாக அடங்குவதை உடல் கற்கவேண்டிய வாரங்களில் இது அந்தப் பாடத்தையே அழித்துவிடுகிறது என்பது நியாயமான விளக்கம். மூன்றாவது, நான்காம் வாரத்தில் யாரும் மறுபடி கேட்காதது. ஐந்து கேள்வி கேட்க மூன்று நிமிடம் போதும். காப்பீட்டுப் படிவத்துக்கு அதைவிட அதிக நேரம் போயிருக்கும்.

சிகிச்சை

முதல் மூன்று வாரம் விபத்தைத் தொடவில்லை. மதுவை நிறுத்தி, தையமின் (வைட்டமின் பி1) தினம் 100 மி.கி. அல்பிரசோலம் தினம் 1 மி.கி. போய்க்கொண்டிருந்ததை இரண்டு வாரத்துக்கு 0.25 வீதம் எட்டு வாரத்தில் இறக்கினார்கள். ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம். மதுவையும் அப்போதுதான் நிறுத்தியிருந்ததால் அந்த ஆபத்து இரட்டிப்பு. ஆகவே முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து காட்டச் சொன்னார்கள். மனச்சோர்வுக்கும் மனவடுவுக்கும் தரும் செர்ட்ராலின் 25 மி.கி.யில் தொடங்கி ஒரு வாரத்தில் 50, ஐந்தாம் வாரத்தில் 100.

நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சை நான்காம் வாரம் தொடங்கியது. மொத்தம் 12 அமர்வு, ஒவ்வொன்றும் 90 நிமிடம். கண்ணை மூடி, நிகழ்காலத்தில், ‘நான் வண்டிய ஓட்டுறேன், வைப்பர் ஓடுது’ என்று சொல்ல வேண்டும்; ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதற்றத்துக்கு 0 முதல் 100 வரை எண் கேட்பார்கள். சொன்னதைப் போனில் பதிந்து வீட்டில் தினம் ஒருமுறை கேட்க வேண்டும். இதோடு வெளியே படிப்படியாக: முதலில் வைப்பர் ஒலிப்பதிவு (பதற்றம் 45), நிறுத்திய பேருந்தில் பயணியாக உட்காருவது (50), எஞ்சின் ஓடாத ஓட்டுநர் இருக்கை (65), எஞ்சினும் வைப்பரும் ஓட (80), கடைசியில் அந்தப் புளியமரத்தடி (95). எண் பாதியாக இறங்கும் வரை ஒவ்வொரு படியிலும் நிற்க வேண்டும்.

சரியாகப் போகவில்லை. முதல் எதிர்கொள்ளல் அன்று வெளியே கூட்டம் என்று 25 நிமிடத்தில் நிறுத்திவிட்டார்கள். பதற்றம் 90-இல் இருக்கும்போதே எழுந்து போனவர் அடுத்த வாரம் வரவில்லை. உச்சியில் நிறுத்துவது, ‘ஓடினால்தான் தப்பிக்கலாம்’ என்ற பாடத்தையே மறுபடி கற்பிக்கக்கூடும். 60 நிமிட அமர்வுகளும் 90-க்கு ஈடாக வேலை செய்வதாக ஆய்வுகள் உண்டு. ஆனால் அது திட்டமிட்டு முடிப்பது, பதற்றம் உச்சியில் இருக்கும்போது கூட்டத்துக்காக அறுப்பது அல்ல. பிறகு நாளின் கடைசி நேரத்தை அவருக்கு ஒதுக்கினார்கள். அடுத்து, மனைவி போனில் இருந்த பதிவை அழித்துவிட்டார். கணவர் அழுவதைக் கேட்டுப் பொறுக்கவில்லை. மனைவியையும் ஒரு அமர்வுக்கு அழைத்து, புண்ணைக் கழுவும்போது எரியத்தான் செய்யும், எரிகிறதே என்று மூடி வைத்தால் சீழ் பிடிக்கும் என்று விளக்கிய பின் அவரே நேரம் பார்த்துப் பதிவைப் போட்டுவிட ஆரம்பித்தார்.

ஆனாலும் நான்காம் அமர்வுக்குப் பின் பி.சி.எல்.-5 58, ஆறாம் அமர்வில் 57. 10 புள்ளிக்குக் குறைவான அசைவை மாற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. எண் அசையாதபோது மருந்தைக் கூட்டுவதற்கு முன் பதிவை மறுபடி கேட்பது நல்லது. கேட்டால் ஒரு ஓட்டை தெரிந்தது. ‘கைய புடிச்சிருக்கேன்’ என்பதிலிருந்து கதை நேரே ‘ஸ்டேஷன்ல உக்காந்திருக்கேன்’ என்பதற்குத் தாவியது, ஆறு முறையும் அதே இடத்தில். நடுவில் மூன்று மணி நேரத்தைக் காணோம்.

ஏழாம் அமர்வில் அந்த மூன்று மணி நேரம் வந்தது. 108 வருமுன்பே கூட்டம் அவரைக் காலைப் பிடித்து வெளியே இழுத்திருக்கிறது. பையனின் கை நழுவியது அப்போதுதான். முதுகில் சவுக்குக் கட்டையால் அடித்தார்கள். ‘கொளுத்துங்கடா’ என்று ஒரு குரல். நடவு வயலில் விழுந்து எழுந்து ஓடி, வாய்க்கால் தண்ணீரில் கழுத்தளவு உட்கார்ந்திருந்தார். சட்டையைக் கழற்றாததற்குக் காரணம் முதுகு. ‘ஓடிட்டேன்னு கேஸ்ல எழுதிருவாங்க சார். அந்தப் புள்ளைய விட்டுட்டு ஓடுனவன்னு ஆயிரும்.’

அதுவரை எல்லோரும் மோதலையே அதிர்ச்சி நிகழ்வு என்று எடுத்திருந்தார்கள். அவர் உயிர் போய்விடும் என்று உணர்ந்தது மோதலில் அல்ல, அடியில். கூட்டம் கூடும் ஊரில் ஓட்டுநர்களை மதிப்பிடும்போது ‘வண்டி நின்னதுக்கு அப்புறம் என்ன ஆச்சு?’ என்பதைத் தனிக் கேள்வியாகவே வைக்க வேண்டும். முதல் நாளே கேட்டிருந்தால் ஆறு அமர்வு மிச்சம். மீதி அமர்வுகளில் அந்த மூன்று மணி நேரத்தை மட்டும், முக்கியமாகக் கை நழுவும் நொடியை, திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். ‘என் கையில இருந்தவங்க யாரும் பொழைக்கல’ என்ற வாக்கியம் அங்கேதான் வந்தது; தங்கையும் பையனும் ஒரே வாக்கியத்தில் இருந்தார்கள்.

இன்னொரு முள் ‘கொஞ்சம் முன்னாடி பிரேக் போட்டிருந்தா’ என்ற அசைபோடல். இதை ஆறுதல் வார்த்தையால் எடுக்க முடியாது, கணக்கால் எடுக்கலாம். 60 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்தால் அதற்குள் 25 மீட்டர் போய்விடும். ஈரச் சாலையில், நொடிக்கு நொடி 4 மீட்டர் வேகம் குறையும் என்று வைத்தால், நிற்க இன்னும் 35 மீட்டர். மொத்தம் 60. மீடியன் இடைவெளியில் பைக் தெரிந்த தூரம் வரைபடத்தின்படி 22 மீட்டர். கால் பிரேக்கைத் தொடும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. இந்தக் கணக்கை அவரே தாளில் போட்டார், சிகிச்சையாளர் போடவில்லை. தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. ‘உன் மேல தப்பே இல்ல’ என்று சிகிச்சையாளர் சொன்னால் அது பொய்யாகவும் போகலாம், நோயாளி நம்பவும் மாட்டார். குறிப்பேட்டை நீதிமன்றம் கேட்கக்கூடும் என்பதால் அதிலும் ‘நோயாளி கூறியது’ என்ற வரம்பைத் தாண்டி எழுதவில்லை.

விபத்துக்குப் பின் சேர்ந்த காரணிகள் மேல் செய்தவை பேச்சு சிகிச்சைக்கு நிகராகவே வேலை செய்தன. ஓட்டுநர் அல்லாத மாற்றுப் பணி கேட்டுக் கிளை மேலாளருக்கு ஒரு பக்கக் கடிதம், அதில் நோயின் பெயரை நோயாளி ஒப்பிய அளவுக்கு மட்டும். வாய்தா நாள்களில் தொழிற்சங்கத்திலிருந்து ஒருவர் கூட வருவது. வாரம் ஒருமுறை நடத்துநர் வீட்டுக்கு வருவது. இதை யாரும் எழுதித் தரவில்லை, கேட்டதும் அவரே ஒப்புக்கொண்டார். சாலையில் படுத்திருந்த ஓட்டுநரை, அவருக்குத் தெரிந்தவர்களில் கண்ணால் பார்த்த ஒரே ஆள் அவர். ‘நீ ஓடல, உன்ன இழுத்தாங்க’ என்று அவர் சொன்னதற்கு இருந்த எடை வேறு யார் சொன்னாலும் வந்திருக்காது.

பி.சி.எல்.-5 எட்டாம் அமர்வில் 44, பத்தில் 33, பன்னிரண்டில் 24. மூன்று மாதம் கழித்து 21. முதல் சாட்சி விசாரணை நடந்த மாதம் 36-க்கு ஏறி, இரண்டு கூடுதல் அமர்வுக்குப் பின் 25-க்கு வந்தது. செர்ட்ராலினை அறிகுறி அடங்கிய பிறகும் குறைந்தது ஓராண்டு தொடரச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது அவர் டெப்போவில் நேரக் காப்பாளர் அறையில் இருக்கிறார். பேருந்தை வொர்க்ஷாப்பிலிருந்து வாசல் வரை எடுத்து விடுகிறார். இரவு ஓட்டம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைத் தவிர்ப்பாகக் கணக்கிடுவதா, 41 வயதில் ஒருவர் எடுத்த நியாயமான முடிவாகவா என்று குழுவில் ஒத்த கருத்து இல்லை. அடுத்த வாய்தா ஐப்பசியில் வருகிறது.